உழைப்புக்கு எரிபொருள் மாவுச்சத்து

ஏர் பூட்டுவதற்கு முன் மாட்டுக்குத் தீனி வைக்க மறக்கும் விவசாயி நம் நாட்டில் இல்லை. எஞ்சினை முடுக்குவதற்கு முன் எண்ணெய் இருக்கின்றதா என்று பார்க்காதவரும் இல்லை. ஆனால் அதே விவசாயி தம் உடலின்மீது அவ்வளவு கவனம் செலுத்துவதில்லை. விடியற்காலையில் ஒரு குவளைத் தேநீரை அருந்திவிட்டு மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றார். நடவுக்குச் செல்லும் பெண்களோ, வீட்டார் அனைவருக்கும் சமைத்து வைத்துவிட்டுத் தாம் உண்ண நேரமின்றிக் கிளம்புகின்றனர். முற்பகல் பத்து மணிக்கெல்லாம் கை சோர்கின்றது, தலை சுழல்கின்றது. வெயிலின் கொடுமை என்று நாம் அதற்குக் காரணம் கூறிவிடுகின்றோம். பல சமயங்களில் அது வெயிலின் கொடுமை மட்டும் அன்று. உடலில் எரிபொருள் குறைந்துவிட்டதன் அறிகுறியும் ஆகும்.

மற்றொரு பக்கத்தில், 'சோறு உண்டால் சர்க்கரை நோய் வரும்' என்ற பேச்சு ஊர்தோறும் பரவியிருக்கின்றது. இதைக் கேட்டு, நாள் முழுவதும் உடலால் உழைப்பவரும் சோற்றைக் கண்டு அஞ்சுகின்றனர். நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரோ பழைய அளவிலேயே உண்டு வருகின்றார். இரண்டுமே தவறு. மாவுச்சத்து நம் உடலில் என்ன வேலை செய்கின்றது, யாருக்கு எவ்வளவு வேண்டும், எப்பொழுது வேண்டும் என்பவற்றை நாம் தெரிந்துகொண்டால் இவ்விரு தவறுகளையும் நீக்கிக்கொள்ளலாம்.

சக்தி தரும் பொருள்கள்

நாம் உண்ணும் உணவில் உடலுக்குச் சக்தி தரும் பொருள்கள் மூன்று. அவை மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்பன. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. இவற்றுள் புரதத்தின் தலையாய வேலை தசைகளை வளர்ப்பதும் பழுது பார்ப்பதும் ஆகும். அதை எரித்துச் சக்தி பெறுவது, வீட்டின் உத்தரத்தை எடுத்து அடுப்பெரிப்பது போன்றதாம். ஆகவே உழைப்புக்கு உரிய எரிபொருள்கள் மாவுச்சத்தும் கொழுப்புமே.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, கோதுமை ஆகிய தானியங்களிலும், மரவள்ளி, சர்க்கரைவள்ளி போன்ற கிழங்குகளிலும் மாவுச்சத்து மிகுந்துள்ளது. 100 கிராம் தானியத்தில் ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். அது தரும் சக்தி ஏறக்குறைய 320 முதல் 360 கலோரி ஆகும். இம்மாவுச்சத்து வாயில் ஊறும் உமிழ்நீராலும் குடலில் சுரக்கும் நீர்களாலும் கரைக்கப்பட்டு, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி, இரத்தத்தில் கலக்கின்றது. அவ்விடத்திலிருந்து கணையம் சுரக்கும் இன்சுலினின் துணையால் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் சென்று சேருகின்றது.

உடலின் களஞ்சியங்கள்

அறுவடையான நெல் முழுவதையும் நாம் அன்றே உண்டு தீர்ப்பதில்லை. குதிரில் கொட்டி வைக்கின்றோம். உடலும் அவ்வாறே செய்கின்றது. உடனே தேவைப்படாத சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கின்றது. கல்லீரலில் இவ்வாறு சர்க்கரை சேமிக்கப்படுவதைப் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் கண்டறிந்து, 1857-ஆம் ஆண்டில் கிளைக்கோஜனைத் தனியே பிரித்தெடுத்தார்.

நன்கு உண்டு உழைக்கும் ஒருவரின் தசைகள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 400 கிராம் கிளைக்கோஜனும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் இருக்கலாம். இரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்கரையோ 5 கிராம் அளவே. ஆக, உடலின் மொத்த மாவுச்சத்துச் சேமிப்பு சுமார் 2,000 கலோரி என்று கொள்ளலாம்.

இவ்விரு சேமிப்புகளுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தசையில் உள்ள கிளைக்கோஜன் ஒரு குடும்பத்தின் வீட்டுக் குதிரைப் போன்றது. அந்தத் தசை தன் வேலைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தும், பிறருக்குக் கொடுக்காது. காலில் உள்ள சேமிப்பு கைக்கு உதவாது. கல்லீரலில் உள்ளதோ ஊர்ப் பொதுக் களஞ்சியம் ஆகும். இரத்தத்தில் சர்க்கரை குறையும்போதெல்லாம் அது தன் சேமிப்பைத் திறந்துவிட்டு உடல் முழுவதற்கும் வழங்குகின்றது. மூளை தனக்கென்று குதிர் ஏதும் இல்லாத குடும்பம். அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரை வேண்டும். நாம் உறங்கும்போதும் அது உண்டுகொண்டே இருக்கின்றது. இரவு எட்டு மணிக்கு உண்டவர் காலை ஆறு மணிக்கு எழும்போது தசைக் குதிர்கள் நிறைந்திருந்தாலும், பொதுக் களஞ்சியம் கணிசமாகக் குறைந்திருக்கும். அந்நிலையில் ஒன்றும் உண்ணாமல் கடினமான வேலையைத் தொடங்கினால் தசைகளும் இரத்தச் சர்க்கரையை இழுக்கத் தொடங்கும். கல்லீரல் ஈடுகொடுக்க இயலாமற்போகும். தலைச்சுற்றல், நடுக்கம், பார்வை மங்கல், எரிச்சல், கவனக்குறைவு ஆகியவை அப்போது தோன்றுகின்றன. கையில் அரிவாளோ கோடரியோ இருக்கும் நேரத்தில் கவனம் தவறுவது எத்தகைய விபத்தில் முடியும் என்பதை விவசாயப் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

விறகும் ஓலையும்

உடலில் கொழுப்பு நிறைய இருக்கின்றதே, அதை எரித்துக்கொண்டு உழைக்கலாகாதா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒருவர் உடலில் 10 கிலோ கொழுப்பு இருந்தால் அதன் சக்தி ஏறத்தாழ 90,000 கலோரி ஆகும். மாவுச்சத்துச் சேமிப்பு இதன் முன் மிகச் சிறியது. ஆயினும் கொழுப்பு, அடர்ந்த விறகுக் கட்டையைப் போல் மெதுவாக எரியும் பொருள். மாவுச்சத்தோ உலர்ந்த ஓலையைப் போல் உடனே பற்றிக்கொள்ளும்.

நிழலில் அமர்ந்திருக்கும்போதும் மெல்ல நடக்கும்போதும் உடல் பெரும்பாலும் கொழுப்பையே எரிக்கின்றது. வேலையின் கடுமை கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு உயருகின்றது. வரப்பு வெட்டுதல், கிணறு தூர்வாருதல், மூட்டை தூக்குதல் போன்ற மூச்சு வாங்கும் வேலைகளில் பெரும்பங்கு சக்தி மாவுச்சத்திலிருந்தே கிடைக்கின்றது. இதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு லிட்டர் பிராணவாயுவைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் ஏறத்தாழ 5 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.7 கலோரியே கிடைக்கும். மூச்சு முட்டும் வேளையில் இச்சிறு வேறுபாடும் பெரிதாகின்றது. மேலும், பிராணவாயு போதிய அளவு வந்து சேருமுன் தசைக்கு உடனடிச் சக்தி தேவைப்படும்போது, மாவுச்சத்தால் அதனைத் தர இயலும், கொழுப்பால் இயலாது. அன்றியும், கொழுப்பைச் சர்க்கரையாக மாற்றும் ஆற்றல் நம் உடலுக்கு மிகச் சிறிதளவே உண்டு. எனவே மாவுச்சத்து தீர்ந்தபோது உடல் தசைப் புரதத்தைக் கரைத்து மூளைக்கு வேண்டிய சர்க்கரையை ஆக்கிக்கொள்ள முற்படுகின்றது. போதிய உணவின்றி ஆண்டுக்கணக்கில் உழைப்பவரின் கைகால்கள் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆராய்ச்சிகள் கண்ட உண்மை

1920-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்தில் ஆகஸ்ட் குரோக், யோஹானஸ் லிண்ட்ஹார்ட் என்னும் இருவர், கொழுப்பு மிகுந்த உணவை உண்டவர்கள் உழைக்கும்போது எளிதில் களைப்படைவதையும், மாவுச்சத்து உண்டவர்கள் அதே வேலையை எளிதாகச் செய்வதையும் எடுத்துக்காட்டினர். 1924-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடைபெற்ற நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தின் முடிவில், ஓடியவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தனர். மிகவும் சோர்ந்து தடுமாறியவர்களின் இரத்தத்தில் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு, பந்தயத்துக்கு முன்னர் மாவுச்சத்து மிகுந்த உணவும், ஓடும்போதே இனிப்பும் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை குறையவில்லை, தளர்ச்சியும் தோன்றவில்லை.

இத்துறையில் பெரும் திருப்பம் 1966-இல் சுவீடன் நாட்டில் நிகழ்ந்தது. பெர்க்ஸ்ட்ராம், ஹல்ட்மன் என்னும் இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டனர். ஒரே சைக்கிளின் இரு பக்கங்களிலும் இருந்துகொண்டு, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்தனர். மற்றொரு கால் ஓய்வாக இருந்தது. பின்னர் மூன்று நாள்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். ஊசியின் மூலம் தசைத்துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்வு பெற்ற காலைவிட ஏறத்தாழ இரு மடங்கு சேர்ந்திருந்தது. உழைத்து வெறுமையான குதிரே அதிகமாக நிரம்பும் என்பது இதனால் விளங்கிற்று.

அடுத்த ஆண்டு அவர்களும் அவர்களுடைய சகாக்களும் ஒன்பது பேரைக் கொண்டு இன்னொரு சோதனை நடத்தினர். கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபோது ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரமே கடுமையாகச் சைக்கிள் மிதிக்க முடிந்தது. கலப்பு உணவு உண்டபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபோது ஏறத்தாழ மூன்று மணி நேரமும் அதே வேலையைச் செய்ய முடிந்தது. ஆளும் அவரே, வேலையும் அதுவே. வேறுபட்டது உணவு மட்டுமே.

குன்னூர் தந்த பாடம்

எரிபொருள் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றவைக்கும் தீப்பொறியும் வேண்டும். மாவுச்சத்து உடலில் முழுமையாக எரிவதற்குத் தயமின் என்னும் பி1 வைட்டமின் இன்றியமையாதது. தானியத்தின் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இது மிகுதியாக உள்ளது. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது இச்சத்து நீங்கிவிடுகின்றது. தீட்டிய அரிசியை மட்டுமே உண்டுவந்த மக்களிடையே பெரிபெரி என்னும் நோய் பரவியதும், கால் தளர்ந்து, இருதயம் வலுவிழந்து பலர் மாண்டதும் வரலாறு. இந்நோயை ஆராய்வதற்கென்றே 1918-ஆம் ஆண்டில் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்பவரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கப்பெற்றது. அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகின்றது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசியின் உட்புறம் சென்று தங்கிவிடுகின்றது. ஆகவே பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி இவ்வகையில் மேலானது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதாலும், வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுவதாலும் இச்சத்து வீணாகின்றது. கஞ்சியை வடிக்காமல் பொங்குவதோ, வடித்த கஞ்சியை உப்பிட்டு அருந்துவதோ நல்லது. கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றைத் தவிட்டோடு உண்பதால் பி1 வைட்டமினும் நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கின்றன. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி.

யாருக்கு எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர் உட்கார்ந்த வேலை செய்பவராயின் நாளொன்றுக்கு 2,110 கலோரியும், நடுத்தர உழைப்பாளியாயின் 2,710 கலோரியும், கடும் உழைப்பாளியாயின் 3,470 கலோரியும் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 1,660, 2,130, 2,720 கலோரி வேண்டும்.

இக்கணக்கைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். கடும் உழைப்பாளிக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள வேறுபாடு ஆடவருக்கு 1,360 கலோரி. பெண்களுக்கு 1,060 கலோரி. இதை அரிசியால் மட்டும் ஈடுகட்டுவதாயின் ஆடவருக்கு ஏறத்தாழ 390 கிராமும், பெண்களுக்கு ஏறத்தாழ 300 கிராமும் நாள்தோறும் கூடுதலாக வேண்டும். நாள் முழுவதும் மண் வெட்டுபவருக்கு இதைக் கொடுக்காமல் விட்டால் அவர் உடல் தேயும். நாள் முழுவதும் கடையில் அமர்ந்திருப்பவர் இதை உண்டால் அது கொழுப்பாகச் சேரும்.

இன்று நம் கிராமங்களில் உழவைத் டிராக்டரும், அறுவடையைப் பொறியும் செய்கின்றன. உழைப்பு குறைந்துவிட்டது, ஆனால் தட்டில் இடும் சோறு குறையவில்லை. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்று மதிப்பிட்டுள்ளது. மாவுச்சத்தைக் குற்றவாளியாக்குவது முறையன்று. உழைப்புக்கும் உணவுக்கும் இருந்த பொருத்தம் கெட்டதே குற்றம். கலப்பையை விட்டு டிராக்டரில் ஏறியவர் தம் தட்டையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு, அவ்விடத்தில் பருப்பும் காய்கறியும் கீரையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அன்றியும், உண்டபின் சிறிது நடந்தால் உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமே இழுத்துக்கொள்ளும்.

வேலை நாளில் உணவு முறை

கடும் வேலைக்குப் புறப்படுபவர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

முதலாவதாக, வெறும் வயிற்றுடன் வேலையைத் தொடங்கலாகாது. பழையசோறும் மோரும், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, இட்லி ஆகியவற்றுள் எது கைக்கு எட்டுகின்றதோ அதை உண்டு புறப்பட வேண்டும். உடன் சிறிது வேர்க்கடலையோ பயற்றுச் சுண்டலோ இருந்தால் புரதமும் கிடைக்கும்.

இரண்டாவதாக, கடுமையான வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்குமானால் இடையிடையே சிறிது மாவுச்சத்து உட்செல்ல வேண்டும். ஒரு வாழைப்பழமும் ஒரு சிறு கட்டி வெல்லமும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிராம் மாவுச்சத்துக் கிடைக்கும்.

மூன்றாவதாக, நீரை மறக்கலாகாது. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. மாவுச்சத்தும் உப்பும் சேர்ந்திருக்கும்போது குடல் நீரை விரைவாக உறிஞ்சிக்கொள்கின்றது. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதன் தத்துவமும் இதுவே. உப்பிட்ட நீராகாரமும் கஞ்சியும் வெயிலில் உழைப்பவருக்கு ஏற்றவையாவதன் காரணம் இதனால் விளங்கும்.

நான்காவதாக, வெறுமையான தசைக் குதிர்கள் நன்கு நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். வேலை முடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் அவை மிக விரைவாக நிரம்புகின்றன. ஆகவே மாலையில் வீடு திரும்பியதும் உண்பது, இரவு வெகுநேரம் கழித்து உண்பதைவிட மேலானது. உண்ணாமல் மது அருந்திவிட்டு உறங்குவது பெருந்தீங்கு. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை ஆக்குவதை மது தடுத்துவிடுகின்றது. அத்தகையவர் மறுநாள் காலையில் பொதுக் களஞ்சியம் வெறுமையான நிலையிலேயே வேலைக்குச் செல்கின்றார்.

சர்க்கரை நோயுள்ள உழைப்பாளிகள்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சில வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் உண்ணாமல் உடல் உழைப்பில் ஈடுபடுவது ஆபத்தானது. மருந்தும் உழைப்பும் சேர்ந்து இரத்தச் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால், அவர் நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்கலாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும். உடனே 108 ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும். நடவு வயலிலும் பணித்தளத்திலும் உள்ள அனைவரும் இதை அறிந்திருந்தால் ஓர் உயிரைக் காக்கலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவை தனி மனிதர் கவனித்துக்கொள்ள வேண்டியவை என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுங்கியிருத்தல் ஆகாது. ஊர்ப் பணிகள் நடைபெறும் இடங்களில் முற்பகலில் உண்பதற்கென்று கால் மணி நேரம் ஒதுக்கலாம். நிழலும் குடிநீரும் ஏற்பாடு செய்யலாம். மகளிர் குழுவினரைக் கொண்டு கூழும் மோரும் குறைந்த விலையில் வழங்கச் செய்யலாம். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையில் கிராமச் செவிலியரை அழைத்து, மேலே கூறிய அபாயக் குறிகளை மக்களுக்கு விளக்கச் செய்யலாம். பள்ளிச் சிறுவர்கள் வெறும் வயிற்றுடன் ஆடுகளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ளலும் நம் கடமையே. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பெற்ற பள்ளிக் காலை உணவுத் திட்டத்தின் பயன் உடற்பயிற்சிக்கும் உரியது என்பதை நாம் உணர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எல்லோரும் உண்ட பின் எஞ்சியதைப் பெண்கள் உண்ணும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுதும் நாற்று நடும் பெண்ணுக்கு 2,720 கலோரி தேவை என்று கணக்குச் சொல்லுகின்றது. அடுப்படியில் மிஞ்சிய இரண்டு கவளம் அதை ஈடுசெய்யாது. வேலைக்குப் புறப்படுமுன் அவருக்கும் ஒரு தட்டுச் சோறு இருக்கின்றதா என்று பார்ப்பது வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆடவரின் பொறுப்பாகும். உழைப்பவருக்கு உழைப்பின் அளவே உணவு கிடைத்தால்தான் கிராமத்தின் உற்பத்தியும் பெருகும், மக்களின் உடல்நலமும் நிலைக்கும்.